லேப்டாப் மெதுவாகிவிட்டது: ராம் போடுவதா, எஸ்எஸ்டி மாற்றுவதா?

பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். “ராம் பத்தாது சார், இன்னொரு 4 ஜிபி போட்டுடலாம்” என்பார் ஒருவர். “ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிட்டு எஸ்எஸ்டி போடுங்க, சரியாயிடும்” என்பார் இன்னொருவர். “இதுல போய்க் காசு போடாதீங்க, புதுசு வாங்கிடுங்க” என்பது மூன்றாவது. மூன்றுமே ஏதோ ஒரு லேப்டாப்புக்குச் சரியான பதில்தான். உங்கள் லேப்டாப்புக்கு எது சரி என்பதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், பணம் முதலில் எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் ஃபைல்களை வைக்கும் டிஸ்க்குக்குப் போகட்டும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறது என்றால்தான் ராமைப் பற்றி யோசிக்க வேண்டும். புது லேப்டாப் வாங்கும்போது மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ராம், டிஸ்க் இரண்டையும் ஜிபி கணக்கில் சொல்வதால் குழப்பம் வருவது இயல்பு. “500 ஜிபி இருக்கே, அப்புறம் ஏன் மெமரி பத்தலைன்னு சொல்லுது?” என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த 500 ஜிபி, ஃபைல்கள் தங்கும் இடம். கரண்ட் போனாலும், லேப்டாப்பை ஒரு மாதம் திறக்காமல் வைத்தாலும் அவை அங்கேயே இருக்கும். ராம் என்பது ப்ராசஸர் இந்த நிமிடம் வேலை செய்துகொண்டிருக்கும் விஷயங்கள் இருக்கும் இடம். திறந்திருக்கும் வேர்டு ஃபைல், குரோமில் வரிசையாக நிற்கும் டேப்கள், பின்னணியில் ஓடும் ஆன்ட்டிவைரஸ் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ராம் சிப்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு மிகச் சிறிய கெப்பாசிட்டரில் மின்சாரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது. அது தானாகவே கசிந்துபோகும் என்பதால் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை எல்லாச் செல்களையும் மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு. ஐபிஎம்மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டு இந்த வகை மெமரிக்கு 1968-ல் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் லேப்டாப்பில் இருக்கும் ராமும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

ஆகவே டி டிரைவில் இருக்கும் கல்யாண வீடியோக்களை அழித்தால் ராம் மிச்சமாகாது. சி டிரைவ் கழுத்துவரை நிரம்பியிருந்தால் அதைக் காலி செய்வது பலன் தரும், அது வேறு விஷயம். அதேபோல் ராமைக் கூட்டினால் படம் சேமிக்க இடம் கூடாது.

சரி, வேகத்துக்கு வருவோம். முடிவு எடுக்கத் தேவையான விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லிசெகண்டு. தேவையான தகவல் தட்டின் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் படிக்கும் ஊசிமுனை சரியான தடத்துக்கு நகர்ந்து நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரு தடவை தேடி எடுக்க 15 மில்லிசெகண்டு அளவுக்கு ஆகிவிடும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை, எல்லாம் சிப். ஒரு தேடலுக்கு 0.1 மில்லிசெகண்டு அல்லது அதற்கும் குறைவு. ராமுக்கு இந்தக் கணக்கு நானோசெகண்டில் போகும்: ஏறக்குறைய 100 நானோசெகண்டு.

இந்த எண்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை என்பதால் வித்தியாசம் மனதில் பதியாது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க 1 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 17 நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒன்றே முக்கால் நாள் ஆகும்.

ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது அவ்வளவு மோசமில்லை. நொடிக்கு 100 எம்பியைத் தாண்டும். ஆனால் விண்டோஸ் பூட் ஆகும்போதோ குரோம் திறக்கும்போதோ நடப்பது அது இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. 20,000 தேடல்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தேடலுக்கு 15 மில்லிசெகண்டு என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு 5 நிமிடம். எஸ்எஸ்டிக்கு 2 நொடி. லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வரலாம் என்ற நிலை ஏன் வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். ராமை எவ்வளவு கூட்டினாலும் இந்தத் தேடல்கள் குறையாது; லேப்டாப்பை ஆன் செய்யும்போது ராம் காலியாகத்தான் இருக்கும், நிரப்ப வேண்டியதெல்லாம் டிஸ்க்கிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இனி, இரண்டும் பின்னிக்கொள்ளும் இடம். ராம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் உடனே கையை விரிப்பதில்லை. இப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைல் என்ற ஃபைலுக்குத் தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருகிறது. அந்த டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு போக்குவரத்துக்கும் மேலே சொன்ன ஒன்றே முக்கால் நாள் கணக்கு. மவுஸ் நின்று நின்று நகரும், எழுத்தைத் தட்டினால் சில நொடி கழித்துத் திரையில் வரும், டிஸ்க் லைட் அணையாமல் எரியும். எஸ்எஸ்டியாக இருந்தால் அதே பற்றாக்குறை லேசான தடுமாற்றமாகத்தான் தெரியும். எஸ்எஸ்டி ராம் ஆகிவிடாது. ஆனால் ராம் குறைவின் வலியைக் குறைக்கும். ராம் கூட்டினாலோ பேஜ்ஃபைல் போக்குவரத்து மட்டும்தான் குறையும். பூட் ஆகும் நேரமும் ஒரு புரோகிராமை முதல்முறை திறக்கும் நேரமும் அப்படியே இருக்கும். எஸ்எஸ்டி இரண்டு பக்கமும் உதவுகிறது, ராம் ஒரு பக்கம் மட்டும். நான் எஸ்எஸ்டிக்கு முதலிடம் கொடுக்கக் காரணம் இதுதான்.

தெரிந்தவர் ஒருவர் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். போட்டித் தேர்வுக்கும் சான்றிதழ்களுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதும் அங்கேதான். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர். ராமை 8 ஆக்கினார். டேப்கள் அதிகம் திறந்திருக்கும்போது முன்பைவிடப் பரவாயில்லை என்றார். ஆனால் காலையில் கடை திறந்ததும் வாசலில் ஆள் நிற்க, விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது மாறவே இல்லை. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் திறக்க அதே தாமதம். பிறகு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டதும்தான் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. அவருக்கு இரண்டுமே தேவையாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதலில் எஸ்எஸ்டி போட்டிருந்தால், ராமுக்குக் காசு சேரும்வரை நிம்மதியாக வேலை பார்த்திருக்கலாம்.

உங்கள் லேப்டாப்பில் என்ன நிலைமை?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால், விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-லும் டிஸ்க்குக்குக் கீழேயே எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். பாதிக் கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. மெமரியைத் தட்டினால் எவ்வளவு ராம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

எதையும் திறக்காமல் பார்த்துப் பயனில்லை. வழக்கமாகச் செய்யும் வேலையை அப்படியே செய்யுங்கள்: அதே டேப்கள், அதே எக்செல், பாட்டு ஓடினால் பாட்டு. அது இழுக்க ஆரம்பிக்கும் நேரத்தில் எண்களைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மெமரி 60 சதவீதத்தில் நிற்கிறது என்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். ராம் வாங்க வேண்டாம். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100 என்றால் பேஜ்ஃபைல் போக்குவரத்து நடக்கிறது. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் எஸ்எஸ்டி முதலில், ராம் அடுத்து. எஸ்எஸ்டியாக இருந்தால் நேரே ராம். மெமரியும் டிஸ்க்கும் சும்மா இருக்க, சிபியு மட்டும் 100 என்றால் இரண்டில் எதை மாற்றினாலும் பலனில்லை. அப்போது ஃபேனில் தூசி அடைத்திருக்கிறதா, ஏதாவது புரோகிராம் மாட்டிக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ப்ராசஸருக்கு வயதாகிவிட்டது. அந்த மூன்றாவது கடைக்காரர் சொன்னது உண்மையாகும் இடம் இது.

கையோடு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் பாருங்கள். அதில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றைக்கே போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். இழுப்பது வேகக் குறைவால் அல்ல, டிஸ்க் செத்துக்கொண்டிருப்பதால் என்ற நிலையும் உண்டு.

எத்தனை ஜிபி ராம் போதும்? 4 ஜிபியில் இன்றைய விண்டோஸை ஓட்டுவது கஷ்டம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது, அது நிறுவப்படுவதற்கான எல்லை மட்டுமே. வேலை பார்ப்பதற்கான அளவு இல்லை. பாடம், ஆபீஸ் வேலை, யூடியூப், பேங்க் வேலை என்றால் 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, பெரிய கேம்கள் என்று போனால் 16 ஜிபி வேண்டும். அதற்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். 16 ஜிபி உள்ள லேப்டாப்பில் பாதி எப்போதும் காலியாக இருந்தால் 32 ஆக்கினாலும் வேகம் கூடாது, காலியிடம்தான் கூடும்.

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அதுபோன்ற பத்து வருடத்துக்கு மேலான கருவிகளில் பணம் போடும் முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய லேப்டாப்கள் பல இதில் தேறாது. எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், ஆனால் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது. இப்படிப்பட்டவற்றில் ஒரு சின்ன எஸ்எஸ்டியைப் போட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுப்பதுதான் நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். அதற்கு 2 ஜிபி ராம் குறைந்தபட்சம், 4 ஜிபி இருந்தால் வசதி. பள்ளிக்கூடப் பிள்ளை தமிழ் டைப்பிங் பழகவும் விக்கிப்பீடியா பார்க்கவும் தாராளமாகப் போதும். நன்றாக ஓடக்கூடிய ஒரு கருவி, சின்னச் செலவுக்குப் பயந்து குப்பைக்குப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வாங்கும்போது

ராமில் முக்கியமானது தலைமுறை. அதை டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று குறிப்பார்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, டிடிஆர்4-இல் டிடிஆர்5 உட்காராது. ராமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. டிடிஆர்3-க்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1.5 வோல்ட் வகை ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ஒன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும். ஆனால் எல் வகை கேட்கும் லேப்டாப் மற்றதைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். பழைய ராமைக் கழற்றி அதிலுள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருந்தால், அதே அளவு, அதே வேகம் உள்ள இரண்டாவதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில் ஓடும்போது ராமின் தகவல் பாதை இரண்டு மடங்காகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஆடுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

எஸ்எஸ்டியில் கவனிக்க வேண்டியது எந்த வழியாக இணைகிறது என்பது. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காருவது இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி. இதன் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி அளவு. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையில் என்விஎம்இ என்றால் 3,500 எம்பியும் அதற்கு மேலும் போகும். இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரிவது கொஞ்சம்தான், ஏனென்றால் தேடும் நேரம் இரண்டிலுமே குறைவு. எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்பதற்காக என்விஎம்இ வாங்கிவிடவும் கூடாது. சில லேப்டாப்களில் அந்த ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

256 ஜிபி வாங்கி மாட்டியதும் விண்டோஸ் 238 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். “எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே” என்ற பயமும் பலரிடம் இருக்கிறது. சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபி மாடலுக்கு மொத்தம் இவ்வளவு எழுதலாம் என்று அந்த நிறுவனம் தரும் அளவு 150 டிபி, அதாவது 1,50,000 ஜிபி. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 20 வருடம் ஆகும். லேப்டாப் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிடும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ராம் விலை தங்கம் விலை மாதிரி ஏறி இறங்கும். 2025-இன் கடைசியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் கடுமையாக ஏறியது. குருசியல் என்ற பெயரில் வீட்டுப் பயனர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. ஆகவே போன வருடம் நண்பர் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டின் விலையையும் வாங்கும் அன்று பாருங்கள். ராம் விலை எகிறியிருக்கும் காலத்தில் எஸ்எஸ்டி முதலில் என்ற முடிவு இன்னும் பலமாகிறது.

புது லேப்டாப் வாங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். மேக்புக் ஏர் எப்போதுமே அப்படித்தான். அதில் பின்னால் ராம் கூட்ட வழியே கிடையாது. ஸ்டோரேஜ் குறைந்தால் யுஎஸ்பி வழியாக வெளி டிஸ்க்காவது மாட்டிக்கொள்ளலாம். எனவே 8 ஜிபி ராமும் 1 டிபி எஸ்எஸ்டியும் உள்ள ஒன்று, 16 ஜிபி ராமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள இன்னொன்று, விலை ஏறக்குறைய ஒன்று என்றால், பற்றவைத்த ராமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். ராம் ஸ்லாட் திறந்திருந்தால் அவசரமில்லை. எது பிறகு மாற்ற முடியாததோ அதை முதலிலேயே போதுமான அளவு வாங்கிவிட வேண்டும். போனிலும் இதே கதைதான். அங்கே ‘8+8 ஜிபி’ என்று விளம்பரத்தில் வரும் இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். பேஜ்ஃபைல் செய்யும் அதே வேலையைத்தான் அது செய்கிறது. முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்ற முடிவு செய்துவிட்டால், லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் முக்கியமானவற்றைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் (விண்டோஸில் அதன் பெயர் பிட்லாக்கர்) போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணையும் தனியாக எழுதி வையுங்கள். இல்லையென்றால் பழைய டிஸ்க்கை வேறு எங்கும் திறக்க முடியாது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆரோக்கியமாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்ற வேலைக்கு, அதாவது போட்டோவும் வீடியோவும் இரண்டாவது பிரதி வைக்க, ஹார்ட் டிஸ்க் இன்றைக்கும் நல்ல சாதனம். எஸ்எஸ்டி சாகும்போது பல சமயம் எச்சரிக்காமல் ஒரேயடியாகச் செத்துவிடும். அதிலிருந்து ஃபைல்களை மீட்பதும் கஷ்டம். புது எஸ்எஸ்டி வேகமாக ஓடுகிறதே என்று அந்த இரண்டாவது பிரதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.